சுகர் இருக்கறவங்களுக்கு ஸ்ட்ரோக் வர்றதுல ஜீனோட பங்கு என்ன?

சுகர் உள்ளவங்களுக்கு ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆனா ஒரே வயசு, ஒரே அளவு சுகர் இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு கை கால் இழுத்துக்குது, இன்னொருத்தர் எண்பது வயசுலயும் நல்லா நடக்கறார். இதுல ஜீனுக்கும் பங்கு இருக்கு. அதுக்காக எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு ஸ்ட்ரோக் ஜீன்னு தேடினா கிடைக்காது, 2022ல வந்த ஜிகாஸ்ட்ரோக் ஆய்வுல ஸ்ட்ரோக் வந்த 1,10,000 பேரோட டிஎன்ஏவ அலசி ஸ்ட்ரோக்கோட சம்பந்தப்பட்ட 89 இடம் கண்டுபிடிச்சாங்க, பெரும்பாலும் ஒவ்வொண்ணும் ரிஸ்க்க துளித்துளியா தான் கூட்டுது.

சரி, உண்மையிலேயே சுகர் தான் காரணமா, இல்ல அதோட சேர்ந்து வர்ற பிரஷரும் தொப்பையுமா? இதுக்கு பதில் சொன்னதே ஜீன் தான், அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். டிசிஎஃப்7எல்2 மாதிரி ஜீன்ல சுகர் ரிஸ்க்க கூட்டற மாற்றம் யாருக்கு போகும்ங்கறது கரு உண்டாகறப்பவே குலுக்கல் சீட்டு மாதிரி முடிவாகிடுது, அப்புறம் சாப்பாடோ வேலையோ அத மாத்த முடியாது, அதனால அந்த சீட்டு விழுந்தவங்களயும் விழாதவங்களயும் ஒப்பிட்டா சுகரோட வேலை மட்டும் தனியா தெரியும். அப்படி பார்த்ததுல கழுத்து, மூளையோட பெரிய ரத்தக்குழாய் அடைக்கற ஸ்ட்ரோக்கும், மூளைக்குள்ள இருக்கற மெல்லிசான குழாய் அடைக்கற ஸ்ட்ரோக்கும் கூடுதுனு வந்துச்சு. அதிக சுகர் குழாயோட உள்சுவர கெடுக்குது, குழாய விரிய வைக்கற நைட்ரிக் ஆக்சைடு குறையுது, குழாய் விரிஞ்சு கொடுக்காது, கொழுப்பு படியுது.

ஆனா சுகர் பக்கமே போகாத ஜீனும் இருக்கு. ஏழாவது குரோமோசோம்ல ஹெச்டிஏசி9, இது பெரிய குழாய் அடைப்போட சம்பந்தப்பட்டதுனு 2012ல தெரிஞ்சது. நாலாவதுல பிட்எக்ஸ்2 பக்கத்துல ஒரு மாற்றம், அது இதயத்துடிப்ப தாறுமாறாக்கி ரத்தக்கட்டிய மூளைக்கு அனுப்புது. ஒன்பதாவதுல இன்னும் ஆச்சரியம், சுகருக்கான மாற்றமும் ரத்தக்குழாய்க்கான மாற்றமும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ஆனா தனித்தனியா வேலை செய்யுது.

அதனால ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) நல்லா இருக்குங்கறதுக்காக, அப்பாக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுலயே ஸ்ட்ரோக் வந்தத டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுடாதீங்க, நாடித்துடிப்பு சீரா இல்லனா ஈசிஜி எடுத்துடுங்க. பிரஷர் விஷயத்துல ஆதாரம் இன்னும் பலமா இருக்கு: 2010ல வந்த அக்கார்ட் ஆய்வுல சுகர் உள்ள சுமார் 4,700 பேர்ல, மேல் பிரஷர 120க்கு கீழ கொண்டுவரப் பார்த்தவங்களுக்கு, 140க்கு கீழ வச்சவங்கள விட ஸ்ட்ரோக் 40 சதவீதம் கிட்ட கம்மியா வந்துச்சு.