அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

நான்கு பேர், நான்கு ராஜினாமா கடிதங்கள். நான்கிலும் ‘பர்சனல் ரீசன்ஸ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பர்சொனெல் ரீசன்ஸ்’ என்றிருந்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதிய நான்கு பேர் ஒரே எழுத்தில் ஒரே மாதிரி தடுக்கி விழ மாட்டார்கள். தாள் முன்கூட்டியே அச்சாகி மேஜையில் தயாராக இருந்திருக்கிறது. பேனாவை மட்டும் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நால்வரில் ஒருவர், தன்னோடு அதே வேலை செய்யும், தனக்குப் பின்னால் சேர்ந்த ஆணுக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் ஏன் என்று கேட்டு மெயில் போட்டவர். அதுவரை அவர் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. மெயில் போன மூன்றாவது வாரம் ‘பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை’ என்று கூப்பிட்டார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. என்னிடம் வந்தபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. “நானேதானே மேடம் எழுதிக் கொடுத்தேன், இனிமே என்ன கேக்க முடியும்?” என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ‘கௌரவம்’ விஷயத்தைப் பேசிவிடுவோம். “டெர்மினேஷன்னு வந்தா வேற எங்கயும் சேர முடியாது, ரிசைன் பண்ணா பேர் கெடாது” என்று ஹெச்.ஆர். சொல்கிறார், நீங்களும் நம்புகிறீர்கள். உங்கள் பெயரைப் பற்றி நிர்வாகத்துக்கு அப்படியென்ன அக்கறை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. மேலே சொன்ன பெண் 6 ஆண்டு வேலை பார்த்தவர். இழப்பீடு மட்டும் 90 நாள் சம்பளம். நோட்டீஸையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம். சரி, ஆட்குறைப்பு இல்லை, வேலை சரியில்லை என்றுதான் அனுப்புகிறார்கள் என்றால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரித்து, உங்கள் பதிலைக் கேட்டாக வேண்டும். ‘நானே விலகுகிறேன்’ என்ற ஒரு வரி இந்த இரண்டு வேலையையும் நிர்வாகத்துக்கு மிச்சமாக்கிவிடுகிறது. நான்கு மாதச் சம்பளத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். பலருக்கு அதுவும் வந்து சேர்வதில்லை. (5 ஆண்டு முடித்தவர்களுக்கு ஒரு விஷயம்: ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) போகாது. போய்விட்டது என்று சொல்பவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.)

அடுத்த சாக்கு, “நான் அசிஸ்டன்ட் மேனேஜர் மேடம், எனக்குத் தொழிலாளர் சட்டம் வராது.” விசிட்டிங் கார்டை வைத்துச் சட்டம் ஓடுவதில்லை. பதவியின் பெயரை விடு, பிரதானமாகச் செய்யும் வேலை என்ன என்று பார் என உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்குக் கீழே ஒருவர்கூட இல்லாமல் நாள் முழுக்க எக்செல்லில் கணக்குத் தட்டுகிறீர்கள் என்றால், நீங்கள் எந்த ஊருக்கு மேனேஜர்?

சம்பளத்துக்கு இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு நிர்வாகப் பதவியில் இருப்பவரையும் ஊழியர் என்றே கணக்கில் கொள்கிறது. நீக்கினாலும் சரி, நீங்களே விலகினாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தந்துவிட வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்கு) முடிய 45 நாள் ஆகும்’ என்பது கம்பெனியின் பழக்கம், சட்டம் அல்ல. தரவில்லையென்றால் இந்தச் சட்டப்படி அதற்கென உள்ள அதிகாரியிடம் 3 ஆண்டுக்குள் மனு போடலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான், நீங்கள் அல்ல. ஒரே வேலைக்குப் பாலினத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைப்பதையும் இதே சட்டம்தான் தடுக்கிறது.

பழிவாங்கலைப் பற்றி இனிப்பாகப் பேச முடியாது. ஆபீசுக்குள் கொடுத்த புகார் பெரிய கேடயம் ஆகாது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் தகராறு நிலுவையில் இருக்கும்போதுதான், அது தொடர்பான உங்கள் பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்குத் தடை வருகிறது. ஆகவே சீக்கிரம் வாருங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் இன்னும் சீக்கிரம்: 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தப் புகார்களை விசாரிக்க ஆபீசிலேயே இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் போயாக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் தரலாம், அதை நம்பி உட்காராதீர்கள்.

அறைக்குள் கூப்பிட்டால் “படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்று எழுந்து வாருங்கள். கதவைப் பூட்டி உட்கார வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பாராட்டி வந்த மெயில், நீங்கள் போட்ட புகார், இவற்றின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். லேப்டாப்பைப் பிடுங்கிய பிறகு ‘எல்லாம் ஆபீஸ் மெயில்லதான் மேடம் இருக்கு’ என்று வந்து நிற்பவர்களை என்ன செய்வது? அதற்காக வாடிக்கையாளர் விவரம், கம்பெனி ரகசியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள், அப்புறம் அதற்கு ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே தரவில்லையா? வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த சம்பளமும் பி.எஃப். பாஸ்புக்கும் சாட்சி சொல்லும்.

பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? போடாதவர் போலச் சாமர்த்தியம் பேச நான் வரவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறவருக்கு அந்த இருபது நிமிடம் எப்படிப் போகும் என்று தெரியும். ஆனால் ‘நானாக விலகவில்லை’ என்று அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஏழு மாதம் கழித்து ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்றால், அதுவரை ஏன் பேசவில்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

அந்த நால்வரில் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். பஸ்ஸில் போகும்போதே, சொந்த மெயிலிலிருந்து, ஐந்தே வரி: ‘இன்று மதியம் 3 மணிக்கு இன்னார் இன்னார் இருந்த அறையில் என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். நான் விலக விரும்பவில்லை. நாளை வேலைக்கு வருவேன்.’ தமிழும் ஆங்கிலமும் கலந்து, நிறையப் பிழையோடு. சமரசப் பேச்சில் நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் மற்ற மூவருடைய கடிதங்களையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நான்காவது கோப்பில் அந்த மெயிலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று கேட்டார்.