ஔரியஸ்: உரோமப் பொற்காசின் பெயர்

உரோமப் பேரரசின் பொற்காசுக்கு ‘ஔரியஸ்’ என்று பெயர். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி ‘ஆரியஸ்’ என எழுதுவோரும் உளர். இலத்தீனில் முதலெழுத்து ‘ஔ’ என்றே ஒலிக்கும். மேலும் அவ்வடிவம் ‘ஆரிய’ என்னும் தொடர்பற்ற சொல்லை நினைவூட்டும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

‘ஔரும்’ என்றால் இலத்தீனில் பொன். ‘ஔரியஸ்’ என்பது ‘பொன்னாலான’ என்று பொருள்படும் பெயரடை. காசைக் குறிக்கும் சொல்லுக்கு அடையாக நின்று, நாளடைவில் தனித்தே காசுக்குப் பெயராயிற்று. உலோகத்தின் பெயரே காசுக்கும் ஆகிவருவது நமக்குப் புதிதன்று. யவனர் எனப்பட்ட மேற்கத்திய வணிகரின் கலம் சேரர் துறைமுகமான முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ (மிளகோடு திரும்பும்) என்று அகநானூறு 149 கூறுகையில், அப்பொன்னுள் இக்காசுகளும் அடங்கும் என்று கொள்வது பொருந்தும்.

ஓர் ஔரியஸ், தெனாரியஸ் என்னும் உரோம வெள்ளிக்காசுகள் 25-க்கு ஈடு. யூலியஸ் சீசர் காலத்தில் ஏறத்தாழ 8 கிராம் இருந்த அதன் எடையைப் பேரரசன் நீரோ குறைத்தான்.

தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைத்தவற்றுள் ஒன்று பேரரசன் திபேரியஸ் வெளியிட்ட காசு. முன்புறத்தில் வெற்றிமாலை சூடிய பேரரசனின் தலை வலப்பக்கம் நோக்கியிருக்கும். பின்புறத்தில் ஒரு பெண் இருக்கையில் அமர்ந்து, ஒரு கையில் நெடிய செங்கோலும் மறுகையில் மரக்கிளையும் ஏந்தியிருப்பாள். அவளை அமைதித் தெய்வத்தின் வடிவில் காட்டப்பட்ட லிவியா, அதாவது பேரரசனின் தாய், என்பர் பலர். சுற்றியுள்ள எழுத்துகள் ‘தலைமைப் பூசகர்’ என்னும் அவனது பட்டத்தைத் தாங்கியுள்ளன.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ஔரியஸ்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். காசாக வழங்காமல், எடைபோட்டுப் பொன்னாகக் கொள்வதற்கே இவ்வாறு செய்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே ஏற்புடையது. ஆளும் முகம் மதிப்பிழந்த இடத்திலும் உலோகம் மதிப்பிழக்கவில்லை.

ஔரியஸைத் தமிழில் ‘தங்க நாணயம்’ என்பது பிழையன்று. எனினும் ‘பொற்காசு’ என்பதே என் தேர்வு. ‘காசு’ சங்க காலத்தில் அணிகலனில் கோக்கும் மணியையும் குறித்தது. கிளியின் வளைந்த வாயிலுள்ள வேப்பம்பழத்தை, பொற்கொல்லன் கூர்நகத்தால் பிடித்துப் புதுநூலில் கோக்கும் பொற்காசோடு ஒப்பிடுகிறது குறுந்தொகை 67. தென்னிந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகள் சிலவும் அவ்வாறே துளையிடப்பட்டு அணிகலன் ஆகியிருக்கின்றன.