டைகாய் நிலையத்தின் தூண்கள் ஏன் நொறுங்கின?

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46. ஜப்பானின் கோபே நகரம் அதிர்ந்தபோது, அங்கிருந்த டைகாய் சுரங்க ரயில் நிலையத்தின் 35 நடுத்தூண்களில் 30-க்கும் மேல் நொறுங்கின. கூரை நடுவில் மடிந்தது. மேலே இருந்த சாலை 2.5 மீட்டர் வரை உள்வாங்கியது. சாலையைத் தோண்டிக் கான்கிரீட் பெட்டி கட்டி, மேலே மண்ணை மூடும் முறையில் 1960-களின் தொடக்கத்தில் கட்டிய நிலையம் அது.

தரைக்கு மேலே நிற்கும் கட்டடம் தன் எடையாலேயே ஆடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் சுரங்கத்துக்கு அப்படித் தனி ஆட்டம் இல்லை. உள்ளே வெற்றிடமாக இருப்பதால், அதே அளவு மண்ணைவிட அது எடை குறைந்தது. சுற்றியுள்ள மண் எப்படி நெளிகிறதோ, அப்படியே அதுவும் நெளியும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது அதிர்வின் வேகத்தை மட்டுமல்ல. பெட்டியின் கூரைக்கும் தரைக்கும் இடையில் மண் எவ்வளவு சாய்கிறது என்பதையும்தான்.

இதற்கு எளிய கணக்கு உண்டு. மண் ஆடும் வேகத்தை, குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் நிலநடுக்க அலை) அந்த மண்ணில் பாயும் வேகத்தால் வகுத்தால் சாய்வு கிடைக்கும்; அதைப் பெட்டியின் உயரத்தால் பெருக்கினால் கூரை எவ்வளவு நகரும் என்று தெரியும். மண் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று வைப்போம். அலை நொடிக்கு 150 மீட்டர் பாயும் தளர்மண்ணில், 7 மீட்டர் உயரப் பெட்டியின் கூரை அதன் தரையிலிருந்து பக்கவாட்டில் சுமார் 2.3 செ.மீ. நகரும். அலை 1,500 மீட்டர் பாயும் பாறையில் இதுவே 2.3 மி.மீ.தான். மலைச் சுரங்கங்கள் பெரும்பாலும் தப்பிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அடுக்கு மண்ணில் சிக்கல் கூடுகிறது. இறுகிய அடுக்கின் மேல் தளர்ந்த அடுக்கு படிந்திருந்தால், எல்லையில் இரண்டும் தாங்கும் விசை ஒன்றே; சாய்வு மட்டும் வேறு. அலைவேகம் 450-லிருந்து 150 ஆகக் குறைந்தால் மண்ணின் விறைப்பு (நெளிய மறுக்கும் தன்மை) ஒன்பதில் ஒன்றாகிவிடும். தளர்ந்த அடுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு சாயும். சுரங்கத்தின் கீழ்ப்பாதி இறுகிய மண்ணிலும் மேல்பாதி தளர்மண்ணிலும் இருந்தால், நெளிவு மேல்பாதியிலேயே குவியும். நீளவாக்கில் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் இடமும் அப்படித்தான். விரிசலும் நீர்க்கசிவும் முதலில் தலைகாட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

டைகாயில் பெட்டியின் அகலம் 17 மீட்டர், மேலே 4.8 மீட்டர் மண். தூண்கள் 3.5 மீட்டருக்கு ஒன்று. பெட்டி அகலத்தில் பாதியை ஒரு தூண் தாங்குவதாக வைத்தால், மண்ணின் எடை மட்டுமே தூணுக்கு சுமார் 270 டன். தூணின் குறுக்களவு 40 செ.மீ.க்கு 100 செ.மீ.; நீளக் கம்பிகளைக் கட்டிய ரிங் கம்பி வெறும் 9 மி.மீ., அதுவும் 35 செ.மீ.க்கு ஒன்று. இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டே தூணின் தலை பக்கவாட்டில் தள்ளப்பட்டதும் கான்கிரீட் குறுக்காகப் பிளந்தது. உள்ளிருந்த கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க ரிங் போதவில்லை. நீளக் கம்பிகள் வெளியே பிதுங்கி வளைந்தன. தூண் போனதும் கூரை ஸ்லாபுக்கு நடுவில் தாங்கல் இல்லை. அதே நிலையத்தில் மூடுமண் சுமார் 2 மீட்டராக இருந்த பகுதியில் சேதம் மிகக் குறைவு. மேலிருந்த பாரம் எவ்வளவு தீர்மானித்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தூணை வெறுமனே தடிமனாக்குவது நல்ல தீர்வல்ல. விறைப்பு கூடினால் அது இழுத்துக்கொள்ளும் விசையும் கூடும். ரிங்குகளை 10 செ.மீ. அளவுக்கு நெருக்கிக் கட்டுவதும், பழைய தூண்களுக்கு எஃகுத் தகடு சுற்றுவதும்தான் பலன் தரும்: தூண் சாய்ந்தாலும் பாரத்தை விடாது. நிலையமும் சுரங்கமும் சேரும் இடத்தில், இரண்டும் தனித்தனியே அசையும்படி நெகிழும் இணைப்பு வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகத் துளையிட்டு ஒவ்வொரு அடுக்கின் அலைவேகத்தையும் அளந்தாக வேண்டும். அடுக்கு மாறும் ஆழம் தெரிந்தால், சுரங்கத்தை இரண்டு மூன்று மீட்டர் கீழே இறக்கி முழுவதையும் இறுகிய மண்ணிலேயே பதிக்க முடியுமா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.