மீன் சிக்காத நாளையும் எழுதுங்கள்: தூண்டில்காரர்களின் பதிவேடு எப்படி இருக்க வேண்டும்?

ஆற்றில் பெரிய மீன் ஒன்று சிக்கினால் பத்து நிமிடத்தில் அதன் படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து ஒரு கடிகூட இல்லாமல் திரும்பிய நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆற்றில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்த வெறும் நாள் இல்லாமல் வேலையே ஓடாது.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரே தூண்டில் ராடுடன் ஆண்டுக்குப் பத்து முறை போகிறார், ஒவ்வொரு முறையும் 5 மணி நேரம். மூன்று நாளில் மட்டும் மீன் சிக்குகிறது, மொத்தம் 6. அந்த மூன்று நாளை மட்டும் எழுதினால் 15 மணி நேரத்துக்கு 6 மீன், அதாவது மணிக்கு 0.4. பத்து நாளையும் எழுதினால் 50 மணி நேரத்துக்கு 6, மணிக்கு 0.12. அடுத்த ஆண்டு அதே பத்து நாளில் ஒரே ஒரு நாள் 2 மீன் சிக்குகிறது. சிக்கிய நாளை மட்டும் எழுதுகிறவரின் நோட்டில் அப்போதும் மணிக்கு 0.4 தான். உண்மையான கணக்கு 0.04. மீன் வரத்து மூன்றில் ஒரு பங்காக விழுந்தது அந்த நோட்டில் தெரியவே தெரியாது.

ஒழுங்காக எழுதிய பதிவேடு என்ன செய்யும் என்பதற்குக் காவிரியிலேயே சான்று இருக்கிறது. கர்நாடகத்தின் கலிபோரே தூண்டில் முகாமில் பிடித்த மஹசீர் என்ற பெரிய ஆற்றுமீனை எடை பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவந்தார்கள். தூண்டில் போட்ட நேரம், சிக்கிய மீன், அதன் எடை எல்லாம் எழுதப்பட்டன. 1998 முதல் 2012 வரையான அந்த ஏடுகளை ஆய்வாளர்கள் தொகுத்தபோது 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பும் 6,161 மஹசீர்களும் கணக்கில் வந்தன. ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன். மணிக்கு இத்தனை என்ற எண்ணிக்கை காலப்போக்கில் ஏறியது, சராசரி எடை இறங்கியது. மஹசீர் என்ற ஒரே பெயரில் பார்த்தால் மகிழ்ச்சியான செய்தி: இளமீன் பெருகுகிறது. இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர், கிருஷ்ணா படுகையின் மீன். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் கண்முன்னே மறைந்துகொண்டிருந்தது. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட பேர்பெற்ற மீன் இந்த வகைதான். அதற்கு உரிய அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்பது உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழிவின் கடைசி விளிம்பில் இருக்கும் இனங்களின் வரிசையில் அது சேர்ந்தது.

ஆகவே நோட்டில் 'மஹசீர்' என்று மட்டும் எழுதாதீர்கள். கூன்முதுகின் கூன் தலையிலேயே, முன்செவுள் மூடியின் (கன்னத்து எலும்புத் தகட்டின்) விளிம்புக்கும் முன்னாலேயே எழும்பத் தொடங்கிவிடும். வால் நல்ல ஆரஞ்சு நிறம். நீலத்துடுப்பின் துடுப்புகளில் நீலச் சாம்பல் சாயல் தெரியும். சந்தேகமாக இருந்தால் 'வகை தெரியவில்லை, படம் உண்டு' என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அது எவ்வளவோ மேல். கடலோரத்தில் 'பாரை' என்று எழுதுவதும் இதே தவறுதான், அந்தப் பெயருக்குள் பல இனங்கள் அடக்கம்.

நேரத்தை ராடு-மணியில் எழுதுங்கள். மூன்று பேர், ஆளுக்கு இரண்டு ராடு, காலை 5:30 முதல் 10:00 வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் எல்லா ராடும் கரையில். அப்படியானால் 3.5 மணி நேரம், 6 ராடு, மொத்தம் 21 ராடு-மணி. வண்டியில் போன நேரமும் முடிச்சுப் போட்ட நேரமும் சேராது. இரையையும் குறிக்க வேண்டும். பெரிய ராகி உருண்டையைச் சின்ன மீனால் விழுங்க முடியாது, சிறிய ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரையை) குட்டி மீனும் துரத்தும். சென்ற ஆண்டு ராகி, இந்த ஆண்டு ஸ்பூன் என்று மாற்றியவர் இரையை எழுதாவிட்டால், மீனின் அளவு சிறுத்துவிட்டது என்றுதான் கணக்கு காட்டும்.

அளப்பதில்தான் பிழை அதிகம். டேப்பை மீனின் உடல்மேல் போட்டு அளந்தால் வயிற்றின் வளைவும் சேர்ந்து நீளம் கூடிவிடும். ஒரு பலகையில் அளவுகோல் ஒட்டி, 0 இருக்கும் முனையில் ஒரு கட்டை அடித்துக்கொள்ளுங்கள். பலகையை நன்றாக நனைத்து, மீனின் வாயை மூடி, மூக்கு கட்டையில் முட்டும்படி கிடத்தி, வால் கவட்டையின் உள்பள்ளம் வரை படியுங்கள். மஹசீரின் வால் ஆழமாகப் பிளந்தது. கவட்டை வரை அளந்ததா, வால்நுனி வரை அளந்ததா என்று எழுதாத எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது. தாடையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டு எடை போட வேண்டாம், பெரிய மீனுக்குத் தாடையும் முதுகெலும்பும் சேதமாகும். நனைத்த வலைத்தொட்டிலில் வைத்துத் தூக்கி, தொட்டிலின் ஈர எடையைக் கழியுங்கள். தராசு இல்லையென்றால் 'கண்மதிப்பு' என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பல நோட்டுகளில் 5, 10, 15 கிலோ என்று வரிசையாக வருவதைப் பார்த்தாலே அவை தராசு காட்டிய எண்கள் அல்ல என்று தெரிந்துவிடும். மீனைத் தண்ணீருக்கு வெளியே 15 விநாடிக்குமேல் வைக்காமல் இதையெல்லாம் முடிக்க, பலகையும் தராசும் தூண்டில் போடும் முன்பே தயாராக இருக்க வேண்டும். விட்ட மீனுக்குத் தூண்டில் முள் எங்கே ஏறியது, ரத்தம் வந்ததா, தானாக நீந்திப் போனதா என்ற மூன்றையும் குறியுங்கள். கொண்டுபோன மீனும் விட்ட மீனும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும்.

படம் என்றால் மீனின் இடப்பக்கம், துடுப்புகள் விரிந்து, அளவுகோல் தெரியும்படி ஒன்று போதும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் கோப்பிலிருந்து நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் இருக்கும். ஒரே மீனை மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு முறை பதிவதும் சர்வசாதாரணம். ஒரு குழுவுக்கு ஒருவர்தான் எழுத வேண்டும். எந்த மடு என்பதைப் பொதுக்குழுவில் போடவே போடாதீர்கள். வெடி வைத்து மீன் பிடிப்பவர்களும் அதைப் படிப்பார்கள். துல்லியமான இடம் பதிவேட்டுக்கு மட்டும்.

மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது பெரிய ஏமாற்று. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் மீன்வளப் பிரிவு கடலோர மாநிலக் குடும்பங்களுக்கு அஞ்சலில் படிவம் அனுப்பி, கடந்த 2 மாதத்திலும் 12 மாதத்திலும் எத்தனை முறை மீன் பிடிக்கப் போனீர்கள் என்று கேட்டுவந்தது. 2023இல் வெளியான அதன் சோதனை ஆய்வில் 12 மாதக் கேள்வியை முதலில் வைத்துக் கேட்டார்கள். அந்த வரிசை மாற்றத்திலேயே மதிப்பீடு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் வரை இறங்கியது. யாரும் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

இதற்கு நல்ல வழியாக எனக்குப் படுவது மிசிசிப்பி மாநிலம் 2015இல் கொண்டுவந்த 'டெயில்ஸ் அன் ஸ்கேல்ஸ்' ஏற்பாடு. ரெட் ஸ்னாப்பர் பிடிக்கக் கடலுக்குப் போகும் முன்பே ஒரு பயண எண் வாங்க வேண்டும். திரும்பி வந்து அந்தப் பயணத்தின் கணக்கை முடிக்காமல் அடுத்த எண் கிடைக்காது. இங்கே ஒரு தூண்டில் சங்கம் இதைச் செய்ய ஆப் எதுவும் தேவையில்லை. வரிக்கு ஒரு எண் அச்சிட்ட நோட்டு, நனைந்தாலும் அழியாத பென்சில், பொறுப்புக்கு ஒருவர் இருந்தால் போதும். போகும் முன் எண்ணும் தேதியும் பெயரும் எழுதப்படும். முந்தைய பயணத்தின் வரி காலியாகக் கிடந்தால் புது எண் இல்லை. மீன் எதுவும் சிக்கவில்லையா, ராடு-மணியை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 0 போட்டால் அந்த வரி முடிந்தது.