ஒரு வேப்பமரம் எவ்வளவு புகையைத் தாங்கும்?

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். பிரஸ்ஸல்ஸில் பிறந்த வான் ஹெல்மான்ட் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்தார். தொட்டி மண்ணை எடை போட்டு, அதில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம் போலத்தான்! தண்ணீரே மரமாகிவிட்டது என்று முடிவு கட்டினார். அவர் கணக்கில் விட்டுப்போனது காற்று. இலையின் நுண்துளைகள் வழியே நுழையும் கார்பன் டை ஆக்சைடு, வெயிலின் துணையால் தண்ணீரோடு சேர்ந்து சர்க்கரையாகி, அப்புறம் கட்டையாகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன்தான்.

சரி, கணக்குப் போடலாம். வெட்டிக் காயவைத்தால் 1 டன் தேறும் வேப்பமரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை டன் கார்பன். அதற்காகக் காற்றிலிருந்து அது இழுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.8 டன். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியேறுவது 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் தினம் 30 கிலோமீட்டர் போகிறவர் ஆண்டுக்கு அரை டன் விடுகிறார். அத்தனை வருஷம் வளர்ந்த மரம், ஒரே ஒரு பைக்கின் மூன்றரை ஆண்டுப் புகைக்குத்தான் ஈடு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து உலகம் ஆண்டுதோறும் விடுவது சுமார் 3,700 கோடி டன்.

அந்த ஈடும் நிரந்தரமில்லை. மரம் மட்கினாலோ அடுப்புக்குப் போனாலோ கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்தது. அதை எரித்துவிட்டு, நாற்பது ஐம்பது ஆண்டு நிற்கும் மரத்தைப் பதிலுக்குக் காட்டினால் எப்படிச் சரியாகும்? மரம் நடத்தான் வேண்டும். நிழலுக்கு, மழைநீருக்கு, பறவைகளுக்கு. கன்று நட்டாயிற்று, புகை கழிந்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது.

எங்கே நடுகிறோம் என்பதும் முக்கியம். நீலகிரியின் மலைமுகட்டுப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து, சீகை எனப்படும் வாட்டில் மரமும் தைலமரமும் நட்டார்கள். அந்தப் புல் தன் கார்பனில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்திருந்தது. ஓடைகளுக்குத் தண்ணீரும் தந்துகொண்டிருந்தது.

பிச்சாவரத்தில் நடந்தது வேறு. அங்கே ஒரு காலத்தில் அலையாத்திக் காட்டை மொட்டையாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிவிட்டது. அந்த மண்ணில் கன்று பிழைக்காது. அதனால் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்தார்கள். அப்புறம்தான் கன்று நட்டார்கள். காடு திரும்பியது.

அலையாத்திச் சேற்றில் காலை வைத்தால் அழுகிய முட்டை வாடை வரும். உள்ளே ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். அதனால் விழுந்த இலையும் வேரும் முழுதாக மட்காமல், அவற்றின் கார்பன் பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கும். இறால் குட்டைக்காக அந்தச் சேற்றை வெட்டித் திறந்தால் காற்றுப் படும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது சில ஆண்டுகளிலேயே வெளியேறத் தொடங்கிவிடும்.