கேஸ் நடக்குதுன்னு சொசைட்டிக் கடனைக் கட்டாம விடாதீங்க

‘கோர்ட்ல தள்ளுபடி கேஸ் இருக்கு, தீர்ப்பு வரட்டும்’ என்று சொசைட்டியில், அதாவது கூட்டுறவுக் கடன் சங்கத்தில், வாங்கிய பயிர்க்கடனைக் கட்டாமல் நிறுத்தி, பிறகு வட்டியைப் பார்த்து வாயடைத்துப் போனவர்களைப் பென்னாகரம் பக்கம் பார்த்திருக்கிறேன்.

2016-ல் ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனை மட்டும் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. மற்றவர்களை விட்டது தவறு என்று வழக்குப் போட்டார்கள். 2017 ஏப்ரலில் ஐகோர்ட் மதுரைக் கிளை ‘எல்லாருக்கும் கொடு’ என்றது. ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021 நவம்பரில், ஐந்து ஏக்கர் வரம்பு செல்லும் என்று முடித்துவிட்டது.

முதல் தீர்ப்பு ஊரெல்லாம் பேச்சானது. தடை வந்ததை எந்தச் சொசைட்டியும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. தேதி தாண்டினால் 7 சதவீதம், அதற்கு மேல் அபராத வட்டி. புதுக்கடனும் நின்றுவிடும்.

2021 பிப்ரவரியில் எல்லாருக்கும் 12,110 கோடி தள்ளுபடி வந்ததே என்பீர்கள். அது அரசு தனியாகப் போட்ட ஆணை, கேஸால் வந்ததல்ல. அடுத்தது எப்போது, யாருக்கு என்று யாரும் சொல்ல முடியாது. வட்டி மட்டும் தேதி தவறாமல் ஏறும்.

இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து வரை சிறு விவசாயி. கேட்க எளிது. நம்ம ஊர் மானாவாரி ஆறு ஏக்கரில் மழை பெய்தால்தான் கேழ்வரகு, ஆனால் கணக்கில் நீங்கள் பெரிய விவசாயி. இதைவிட மோசம், பல பேர் பெயரில் ஒன்றாக இருக்கும் கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி நாலு பேர், ஆளுக்கு இரண்டே கால் ஏக்கர் உழுகிறார்கள். சிட்டாவில் மொத்தமாக 9 ஏக்கர் என்றிருக்கும். தள்ளுபடிக்குப் போனால் சொசைட்டி கவுன்ட்டரில் அந்த 9-ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார்கள். வி.ஏ.ஓ.விடம் போனால் பாகம் பிரித்து வா என்பார், தாசில்தார் ஆபீஸில் சர்வேயர் லீவு என்பார்கள். தள்ளுபடி அறிவிப்பு வந்தபின் ஓடினால் கடைசித் தேதி போயே போய்விடும். இப்போதே பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவோடு தனிப்பட்டாவுக்கு மனுப் போடுங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் இன்னும் அவசரம்.

தள்ளுபடி மனுவைச் சொசைட்டியில் வாங்க மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம். டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் சொசைட்டி செயலாளருக்கு ஒன்று, கூட்டுறவுத் துறையின் சரக துணைப்பதிவாளருக்கு ஒன்று. ‘பார்க்கலாம்ணே, அடுத்த வாரம் வாங்க’ என்பதெல்லாம் பதில் இல்லை, எழுத்தில் கேளுங்கள்.

நேரே ஐகோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். சொசைட்டி மேலேயே ஐகோர்ட்டில் நேரடியாக ரிட் மனு போட்டால் பொதுவாக நிற்காது என்று 2006-ல் மாரப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. சாதாரண சிவில் கோர்ட்டுக்கும் தடை உண்டு. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு என்றால் 1983-ம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90-ம் பிரிவில் கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் தரப்பிடம்தான் முதலில் போக வேண்டும். பதிவாளர் தரப்பு போட்ட உத்தரவே தப்பு என்றால் கதை வேறு.

தகவல் உரிமைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று சொசைட்டியில் கையை விரிப்பார்கள். அதே கேள்வியைத் துணைப்பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கணக்கை வாங்கித் தர வேண்டியது அவர் வேலை. கடன் எண், தவணைத் தேதி, நிராகரித்த காரணம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே வரியில் கேட்டால் ஒரே வரியில்தான் பதில் வரும்.