எழுதிக் கேளுங்கள்: பள்ளிகளுக்காக வாதாடும் ஒரு வக்கீலின் வேண்டுகோள்

நியூ ஜெர்சியில் பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது அந்தந்த ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு, வக்கீலாக இருக்கிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அவரவர் தேவைக்கேற்பத் தரும் சிறப்புக் கல்வி விஷயத்தில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் தகராறு வந்தால் நான் பள்ளியின் பக்கம் உட்காருவேன். எதிரே உட்காருவது நம்மூர் அம்மா, அப்பாவாக இருப்பதும் இப்போது சகஜம். தமிழ்ச் சங்க விழாக்களில் என் வேலையைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்போ பிள்ளைகளுக்கு எதிரா கேஸ் நடத்துறீங்களா?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. என் நாளில் பெரும்பகுதி நீதிமன்றத்தில் போவதில்லை, தொலைபேசியில்தான் போகிறது. சிறப்புக் கல்வி இயக்குநர் கூப்பிட்டு, "ஒரு அம்மா மதிப்பீடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கார், என்ன செய்யணும்?" என்பார். மதிப்பீடு என்றால், குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று சோதித்துப் பார்ப்பது. சட்டம் சொல்கிற கெடு என்ன, யாரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வேன். விசாரணையில் பெற்றோர் ஜெயித்தால் அவர்களுடைய வக்கீல் கட்டணத்தையும் பள்ளி மாவட்டம் கட்ட நேரிடும்; 1986-லிருந்து சட்டம் அப்படி. இரண்டு பக்கத்து வக்கீல் செலவும் வகுப்பறைக்கான அதே வரிப்பணத்திலிருந்துதான் போகும். பள்ளியை முதலிலேயே சரியாக நடக்கச் சொல்வதுதான் பள்ளி வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நம்புகிறேன். மாணவர் ஒழுங்கு நடவடிக்கை, பதிவேடுகள், ஆசிரியர் ஒப்பந்தம் என்று வேறு வேலைகளும் உண்டு. என் மனம் அதிகம் கிடப்பது சிறப்புக் கல்வியில்.

சிறப்புக் கல்விச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். 1975-க்கு முன் அமெரிக்காவில் பத்து லட்சம் மாற்றுத்திறன் குழந்தைகள் பொதுப் பள்ளிக்குள் நுழையவே முடியாமல் இருந்தார்கள். இது அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதி வைத்த கணக்கு. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் வழக்குப் போட்டு 1972-ல் வென்றார்கள். 1975 நவம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் இன்றைய பெயர்தான் ஐ.டி.இ.ஏ., அதாவது மாற்றுத்திறன் கொண்டோருக்கான கல்விச் சட்டம். மூன்று வயதிலிருந்து 21 வரை, தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி தர வேண்டும், அதற்காக ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டத்தை எழுத்தில் வகுக்க வேண்டும். வீட்டில் ஹெச்-1பி விசாவா, கிரீன் கார்டா, எதுவுமே இல்லையா என்பது இந்த உரிமைக்குக் கணக்கில்லை.

என் அனுபவத்தில் நம் பெற்றோரைப் பின்னுக்குத் தள்ளுவது அறிவுக் குறைவோ அக்கறைக் குறைவோ அல்ல. ஆசிரியர் மீது நமக்குள்ள மரியாதை. "டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன், பார்த்துக்கறேன்னு சொன்னாங்க" என்பார்கள். மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது வாசலில் நின்று பேசிய பேச்சு. அந்த டீச்சர் நல்லவராகவே இருப்பார், அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சுக்குக் கெடு எதுவும் கிடையாது. நியூ ஜெர்சியில் மதிப்பீட்டுக் கோரிக்கை எழுத்தில் வந்து சேர்ந்தால்தான் 20 நாட்களுக்குள் பள்ளி கூட்டம் கூட்டியாக வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து, குழந்தைக்குத் தகுதி இருந்தால் ஐ.இ.பி. நடைமுறைக்கும் வந்துவிட வேண்டும். நான்கு வரி மின்னஞ்சல் போதும்: குழந்தையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவலைப்படும் விஷயம், "சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்ற ஒரு வாக்கியம், தேதி. முதல்வருக்கும் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

பள்ளி மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். என்ன கேட்கப்பட்டது, ஏன் மறுக்கிறோம், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தோம் என்று பெற்றோருக்கு எழுதிக் கொடுப்பது பள்ளியின் கடமை. என் கட்சிக்காரர்களுக்கு நான் அலுக்காமல் சொல்வதும் இதைத்தான். காரணத்தை எழுத உட்காரும்போதுதான் அது காரணமே இல்லை என்பது சில சமயம் பள்ளிக்கே தெரிகிறது. "இங்கே அதெல்லாம் தருவதில்லை" என்ற பதில் எழுத்தில் நிற்காது. டென்னசியில் ஒரு பள்ளி மாவட்டம், மதியிறுக்கமுள்ள (ஆட்டிசம்) ஒரு சிறுவனுக்கு அவன் பெற்றோர் கேட்ட பயிற்சி முறையைத் தருவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்தது. அது சட்டமீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-ல் சொன்னது. டீல் என்ற அந்தக் குடும்பத்தின் வழக்கை ஆசிரியர் பயிற்சிகளில் நான் தவறாமல் எடுத்துச் சொல்வதுண்டு.

அப்புறம் காசு. ஒரு மாணவருக்கு நாடு முழுவதும் ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை, சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் தருவதாக மத்திய அரசு 1975-ல் சொன்னது. ஒரு வருடம்கூட அந்த அளவை எட்டவில்லை. பள்ளிகளின் நெருக்கடி நிஜம், அதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இருந்தாலும் பொருத்தமான இரண்டு வழிகள் இருந்தால் செலவு குறைந்ததைப் பள்ளி தேர்ந்தெடுக்கலாமே தவிர, பட்ஜெட் இல்லை என்று பொருத்தமான கல்வியை மறுக்க முடியாது.

ஒரு கோப்பு என் மேசைக்கு வந்ததும் நான் முதலில் செய்வதைச் சொல்கிறேன், வீட்டிலேயே நீங்களும் செய்யலாம். போன வருட ஐ.இ.பி.யையும் இந்த வருட ஐ.இ.பி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலக்குகள் எழுதிய பக்கத்தை மட்டும் படிப்பேன். "வாசிப்புத் திறனில் முன்னேறுவான்" என்று எழுதியிருந்தால் அதை யாராலும் அளக்க முடியாது. "முன்பின் பார்க்காத இரண்டாம் வகுப்புப் பகுதியை நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் வீதம், இத்தனை பிழைக்குள் வாசிப்பான்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்போம்" என்று இருந்தால் அளக்கலாம். இன்று அவன் எத்தனை சொற்கள் வாசிக்கிறான் என்பதும் அதே ஆவணத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கிருந்து கிளம்பினான் என்றே தெரியாது. இரண்டு வருட இலக்குகளும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருந்தால் நான் இயக்குநரைக் கூப்பிட்டு, "இதை என்னால் நியாயப்படுத்த முடியாது, கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கள்" என்று சொல்லிவிடுவேன்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய தீர்ப்பு இருக்கிறது. 1982-ல் ரௌலி வழக்கில், குழந்தையின் திறமையை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் சொல்லவில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அதைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சூண்டு முன்னேற்றம் இருந்தாலே போதும் என்று சில நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. கொலராடோவில் மதியிறுக்கமுள்ள எண்ட்ரூ என்ற சிறுவனுக்கு வருடத்துக்கு வருடம் கிட்டத்தட்ட அதே இலக்குகள் எழுதப்பட்டன. பெற்றோர் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள், பையன் முன்னேறினான். வழக்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் போனது. குழந்தையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் அமைய வேண்டும், பெயருக்கு ஒரு முன்னேற்றம் போதாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். எல்லா நீதிபதிகளும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு. அது பள்ளிக்கு எதிரான தீர்ப்புதான். நான் அதை மனதார வரவேற்றேன்.

ஆகவே கையில் தரும் அறிக்கையில் "போதிய முன்னேற்றம்" என்று இருந்தால் அதோடு திருப்திப்படாதீர்கள், எண்களைக் கேளுங்கள். மிச்சிகனின் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் காது கேளாத பெரெஸ் என்ற மாணவர், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். உதவியாளர்களுக்குச் சைகை மொழி தெரியாது, ஆனால் மதிப்பெண்கள் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. பட்டமளிப்புக்குச் சில மாதங்கள் முன்பு, பள்ளி முடித்ததற்கான டிப்ளமா கிடையாது என்றார்கள். இதுதான் அவர் தொடுத்த வழக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான வேறொரு சட்டத்தின்கீழ் அவர் நஷ்டஈடு கேட்டுத் தொடரலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இன்னொன்று, ஒரு குடும்பம் என்றில்லாமல் பல கோப்புகளில் பார்த்தது. ஐ.இ.பி.யில் வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம் ஸ்பீச் தெரபி என்று இருக்கும். தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போவார், மாற்று ஆள் கிடைக்காது, வருகைக் குறிப்பில் வாரக்கணக்காக வெற்றுக் கட்டங்கள். பெற்றோருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தவறிய நேரத்துக்குப் பள்ளி ஈடு கட்ட வேண்டியிருக்கும். பெற்றோர் கேட்பதற்கு முன்பே கணக்கெடுத்து, ஈடுசெய்யும் வகுப்புகளைத் தாமாகவே தரச் சொல்வேன். பெரும்பாலான இயக்குநர்கள் கேட்கிறார்கள். நீங்களும் அந்த வருகைக் குறிப்பைக் கேட்டு வாங்கலாம். குழந்தையின் பள்ளிப் பதிவேடுகளைப் பார்ப்பது பெற்றோரின் உரிமை.

நியூ ஜெர்சிக்காரர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஐ.இ.பி.க்கு உங்கள் கையெழுத்து வேண்டும், அது இல்லாமல் பள்ளி தொடங்க முடியாது. அதற்குப் பிறகு வருபவை அப்படியல்ல. மாற்றத்தைத் தெரிவிக்கும் கடிதம் வந்தால் உங்களுக்கு 15 நாள். அதற்குள் சமரசப் பேச்சோ விசாரணையோ கேட்காவிட்டால், நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்தாலும் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்துவிடும். "நாங்க சைன் பண்ணவே இல்லையே" என்று மூன்று மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கஷ்டப்படும். அதேபோல, வெறுத்துப்போய்ப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு அப்புறம் கட்டணத்தைத் திரும்பக் கேட்பவர்கள், மாற்றுவதற்குமுன் பத்து வேலை நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அல்லது கடைசி ஐ.இ.பி. கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தொகை குறையலாம், மறுக்கவும் படலாம். பள்ளி வக்கீல் முதலில் தேடுவது அந்தக் கடிதத்தைத்தான். நானும் தேடுவேன்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான இ.எஸ்.எல். வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் "ஆங்கிலம்" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூன்று வயது வரை பாட்டியோடு தமிழிலேயே வளர்ந்த குழந்தையை ஆங்கிலச் சோதனையால் மட்டும் அளந்தால் முடிவு தப்பாகத்தான் வரும். ஆங்கிலம் போதவில்லை என்பதை முக்கியக் காரணமாக வைத்து ஒரு குழந்தைக்குக் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் தமிழ் வீடு என்பது பள்ளிக்குத் தெரிந்தால்தானே அதைப் பார்ப்பார்கள். பேச்சு தாமதமானால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. "எங்களுக்கு இங்கிலீஷ் வரும்" என்று ஐ.டி. துறையில் வேலை பார்க்கிற அப்பா சொல்வார், உண்மைதான். ஆனால் உளவியல் அறிக்கையின் ஆங்கிலம் வேறு ஜாதி. 16-வது பெர்சென்டைல் என்று பார்த்ததும் நூற்றுக்குப் பதினாறு மார்க் என்று நினைத்து உடைந்துபோன அம்மாக்கள் உண்டு. மார்க்கே அல்ல அது. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் 16 பேர் இவனுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அர்த்தம். 100-ஐ நடுவாகக் கொண்ட அளவுகோலில் 85. சராசரியின் கீழ் விளிம்பு. மதிப்பீட்டு அறிக்கைகளைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே உங்களுக்குத் தர வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. அந்தப் பத்து நாளில் படியுங்கள், புரியாததைக் குறித்து வையுங்கள். பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் வெளியாள் ஒருவரின் மதிப்பீட்டைப் பள்ளிச் செலவில் கேட்கலாம். பள்ளி ஒன்று பணம் தர வேண்டும், இல்லை தன் மதிப்பீடு சரியென்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும்.

"முத்திரை குத்திடுவாங்களே, காலேஜுக்குத் தெரிஞ்சிடுமே" என்ற பயத்தில் இரண்டு மூன்று வருடங்களை இழக்கும் குடும்பங்கள் நம்மில் அதிகம். கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் மாணவருக்குக் குறைபாடு இருப்பதாகக் குறிப்பிடக் கூடாது. ஊரில் உறவினருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் குழந்தைக்கு முதல் வகுப்பில் கிடைக்கும் உதவியும் ஐந்தாம் வகுப்பில் கிடைக்கும் உதவியும் ஒன்றல்ல.

தகராறு முற்றினால் சமரசப் பேச்சு கேளுங்கள். கட்டணம் கிடையாது, அங்கே பேசியதைப் பிறகு விசாரணையில் சாட்சியாக எடுக்க முடியாது. விசாரணை கேட்பதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. நியூ ஜெர்சியில் நிரூபிக்கும் பொறுப்பு பள்ளியுடையது. பல மாநிலங்களில் அது வழக்குத் தொடுத்தவர் தலையில். அந்தந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன நாள் கணக்குகளும் இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் நிலையில் நான் இல்லை, நான் பள்ளிகளின் வக்கீல். ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கு இலவசமாக வழிகாட்டும் மையம் ஒன்றாவது மத்திய அரசின் நிதியில் இயங்குகிறது. நியூ ஜெர்சியில் அது ஸ்பேன் பேரண்ட் அட்வகசி நெட்வொர்க். உங்கள் குழந்தை மூன்று வயதுக்குள் கிடைக்கும் ஆரம்பகால உதவித் திட்டத்தில் இருந்தால், மூன்றாம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே பள்ளிக்கு மாறுவதற்கான கூட்டம் நடந்திருக்க வேண்டும். அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்து, மதிப்பீடு கேட்கும் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.